ஒரு நாளில் எந்தச் சின்ன விஷயத்துக்கு நன்றி சொல்வீர்கள்? (வாசனை போய்த் திரும்பியவர்களும் வரலாம்)

டிகாஷன் | வெள்ளி, இரவு 9:10

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் சீக்கிரம் விட்டுவிட்டது, ஆனால் வாசனை போனது போனதுதான். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கும், பெருங்காயம் போடுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடுப்படியில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ரசம் என்றால் புளிப்பும் உப்பும் காரமும் சேர்ந்த வெந்நீர், அவ்வளவுதான். பால் அடிப்பிடிப்பதைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்து வாசனை திரும்பியது. ஆனால் தாறுமாறாக. வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரியும் நாற்றம். பூண்டு, கோழி, காபி எல்லாம் அதே கதை. காலையில் வீட்டில் டிகாஷன் இறங்கும் நேரத்துக்கு நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

முதலில் சரியாகத் திரும்பியது எது தெரியுமா? துவைத்த துணியை உதறிக் கொடியில் போடும்போது வரும் சோப்பு வாசனை. பையனின் பள்ளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் துணி உலர்த்தியிருக்கிறேன். அப்படி ஒரு வாசனை இருந்ததே எனக்குத் தெரியாது.

இந்த இழையில் உங்களிடம் கேட்பது இதுதான். குடும்பம், ஆரோக்கியம், கடவுள் போன்ற பெரிய விஷயங்கள் வேண்டாம், அவற்றுக்கு எல்லோரும் நன்றி சொல்வோம். ஐந்து நிமிடத்துக்குள் வந்து போகும் சுகம் ஒன்றைச் சொல்லுங்கள். கொஞ்சம் விவரமாக.

ஜன்னல்சீட் | வெள்ளி, இரவு 9:32

மாலை டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம். ஊர் முடிந்து செங்கல் சூளை தாண்டியதும் வயல் காற்று அடிக்கும். அந்த ஒரு நிறுத்தம் வரைக்கும் போனை எடுக்க மாட்டேன்.

புளியோதரை | வெள்ளி, இரவு 9:41

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது தெருவே ஒரே குரலில் கத்துமே, அது. இப்போது இன்வெர்ட்டர் வைத்த வீடுகள் அதிகமாகிவிட்டதால் எங்கள் தெருவில் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பானைத்தண்ணி | வெள்ளி, இரவு 10:05

என் பெயரே பதில்தான். சித்திரை வெயிலில் வந்து, மண்பானையில் மொண்டு குடிக்கும் முதல் டம்ளர்.

பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்றாக நடக்கும். அதனால்தான் வேலூர் வெயிலில் பானைத் தண்ணீர் குளிர்கிற அளவுக்குச் சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் குளிர்வதில்லை. சென்னைக்கு மாறி வந்தவர்கள் "இந்தப் பானை சரியில்லை" என்று புதுப்பானை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பானையில் குறை இல்லை.

வார்டு7 | சனி, காலை 6:20

டிகாஷன் அக்கா, நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்து உங்கள் பதிவைப் படித்தேன். உங்களைப் போல நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

மூக்கின் மேல்பகுதியில் வாசனையை உணரும் நரம்பு செல்களும், அவற்றைத் தாங்கும் துணை செல்களும் இருக்கின்றன. கொரோனா கிருமி பெரும்பாலும் துணை செல்களைத்தான் தாக்குகிறது. அவை சாய்ந்தால் நரம்பு செல்களும் வேலை செய்ய முடியாமல் போகிறது. நல்ல செய்தி, இந்த நரம்பு செல்கள் மறுபடி முளைக்கக்கூடியவை. புதிதாக முளைத்தவை சரியான இணைப்பைப் பிடிக்கும் வரைக்கும் வாசனை திரிந்து தெரியலாம். காபி பலருக்கும் நாறியதற்கு அதில் இருக்கும் ஒரு கந்தகச் சேர்மம் முக்கியக் காரணம் என்று 2022ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

உணவின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். மெல்லும்போது தொண்டையின் பின்பக்கம் வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்குக்கு மட்டும் விட்டால் அக்கா சொன்ன வெந்நீர் ரசம்தான் மிஞ்சும்.

பயிற்சி ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மலும் குழுவினரும் 2009ல் வெளியிட்டது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் சில விநாடிகள் கவனமாக முகர வேண்டும், 12 வாரம். சும்மா மூக்கருகில் காட்டினால் போதாது, அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டே முகரச் சொல்வோம். எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

என் சின்ன சுகம்: பணி முடிந்து வெளியே வரும்போது, வாசலில் பூ கட்டுகிறவர்கள் சாக்கைப் பிரித்துக் கொட்டும் மல்லிகை. ராத்திரி முழுக்க ஸ்பிரிட் நெடியில் இருந்துவிட்டு வருகிற மூக்குக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிகாஷன் | சனி, காலை 7:02

நினைவுபடுத்திக்கொண்டே முகர்வது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நன்றி தங்கச்சி. நான் கிராம்பு டப்பாவைத் திறந்து மூடியதோடு சரி. இப்போது எலுமிச்சைத் தோலைக் கிள்ளி முகர்ந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

சாக்பீஸ் | சனி, காலை 8:15

மழை பெய்யத் தொடங்கும்போது வரும் மண்வாசனையை இன்னும் யாருமே சொல்லவில்லையா?

வகுப்பில் பாடமாகவே எடுப்பேன். 1964ல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். வெயில் காலத்தில் செடிகொடிகளிலிருந்து வரும் ஒருவகை எண்ணெய் பாறையிலும் மண்ணிலும் ஊறிக் கிடந்து, ஈரம் பட்டதும் வெளியே வருகிறது. அதோடு மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்கிறது. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட மண்ணிலிருந்து இதே வாசனையை வடித்து அத்தராக விற்கிறார்கள்.

பாடம் முடிந்து மழை வந்தால் பிள்ளைகளை வராண்டாவில் நிற்க விட்டுவிடுவேன். பாடம் அப்போதுதான் முடிகிறது.

கடைசிப்பந்தி | சனி, மதியம் 2:40

எல்லாம் படித்தேன். அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்ற பேச்சு எப்போதும் ஒரு பக்கம் பார்த்துத்தான் வரும். அப்பாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அண்ணனிடமும் இல்லை. மிக்ஸி கேட்ட அம்மாவிடம் சொன்னார்கள், வெளியூரில் படிக்கக் கேட்ட என்னிடம் சொன்னார்கள். வேலை செய்கிற இடத்திலும் சம்பளம் கேட்டால் இதே பாட்டு. நன்றியோடு இரு என்றால் கேட்காதே என்று அர்த்தம்.

அப்புறம் அந்தக் காபி. அதற்கு நன்றி சொல்வோம், சரி. யாருக்கு? எங்கள் அம்மா விடியற்காலையில் எழுந்து பித்தளைப் பில்டரில் டிகாஷன் இறக்குவாள். முதல் டிகாஷன் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறங்கும் இரண்டாம் டிகாஷன் அம்மாவுக்கும் வேலை செய்கிற அக்காவுக்கும். முதல் டிகாஷனின் மணத்தைப் பற்றி எங்கள் வீட்டு ஆண்கள் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் அம்மா இருந்ததே இல்லை.

உங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. காற்றுக்கும் மழைக்கும் நன்றி சொல்வது சுலபம், அவை பதிலுக்கு எதுவும் கேட்காது. பில்டருக்குப் பின்னால் நிற்கிறவளுக்குச் சொன்னால் நாளைக்கு நாமும் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

டிகாஷன் | சனி, மாலை 5:18

கடைசிப்பந்தி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

நீங்கள் சொல்வதில் பாதியை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். நன்றி என்ற பெயரில் வாயை அடைப்பது எனக்கும் நடந்திருக்கிறது. வாசனை போனதைச் சொன்னபோது "உயிர் பிழைத்தாயே, அதை நினை" என்றார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம்தான், தெரியும். ஆனால் சமைத்ததை ருசிக்க முடியாத துக்கமும் துக்கம்தான். அதை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

மற்ற பாதியில் மாறுபடுகிறேன். சட்டையின் சோப்பு வாசனை எனக்கு மட்டுமே சொந்தமான ஒன்று. யாரும் அதை எனக்குக் கற்பிக்கவில்லை, யாரும் அதை வைத்து என்னை அடக்கவும் முடியாது. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

கடைசிப்பந்தி | சனி, மாலை 5:50

அதை விட்டுக்கொடுக்க வேண்டாம் அக்கா. ஒருபோதும் வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதும், அதிகாரத்தில் இருக்கிறவர் உங்களுக்குச் சொல்வதும் வேறு வேறு. நான் எதிர்ப்பது இரண்டாவதை.

அட்டவணை | சனி, இரவு 8:30

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், இங்கேயே எழுதுகிறேன். உளவியல் முதுகலையில் படித்தவை.

1978ல் பிரிக்மனும் மற்ற இருவரும் அமெரிக்காவில் லாட்டரியில் பெரிய தொகை வென்ற 22 பேரை, வெல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலை உணவு, ஒரு நகைச்சுவையைக் கேட்பது போன்ற அன்றாட விஷயங்களில் உங்களுக்கு எவ்வளவு இன்பம் என்று கேட்டார்கள். வென்றவர்கள் குறைவாக மதிப்பெண் கொடுத்தார்கள். 22 பேர் மிகச் சின்ன எண்ணிக்கை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2003ல் எம்மன்ஸும் மெக்கல்லோவும் மாணவர்களை வாரம் ஒருமுறை, 10 வாரம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றிக்குரியவை, அதிகபட்சம் ஐந்து. ஒரு குழு எரிச்சலூட்டியவை. இன்னொரு குழு வெறுமனே நடந்தவை. நன்றியை எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள், உடற்பயிற்சியும் அதிகம் செய்ததாகச் சொன்னார்கள். நன்றிக் குறிப்பேடு என்று இன்று விற்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் ஆணிவேர்.

ஆனால் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு செய்த ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன், வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கடமையாகிவிட்டால் சலித்துவிடுகிறது போலும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2021 ஆய்வு ஒன்று, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இந்தப் பயிற்சிகளின் பலன் சிறியதுதான் என்றது. மருந்துக்கோ சிகிச்சைக்கோ பதிலாக இதை யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

பேரில்லாமல் | சனி, இரவு 11:47

கடைசி வரிக்காக அட்டவணைக்கு நன்றி.

எனக்கு மூக்கு நன்றாக இருக்கிறது. மல்லிகை வாசனை வருகிறது, மழை வாசனை வருகிறது, ஆனால் உள்ளே எதுவும் போவதில்லை. ரொம்ப நாளாக இப்படித்தான். இந்த இழையைப் படிக்கும்போது எல்லோருக்கும் கிடைப்பது எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று தோன்றியது. தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதச் சொன்னார்கள். வெறும் தாளைப் பார்த்தால் இன்னும் மோசமாகிறது.

வார்டு7 | ஞாயிறு, காலை 6:05

எழுதியதற்கு ரொம்ப நன்றி. இது நன்றி இல்லாத குணம் கிடையாது. எதிலும் இன்பம் தெரியாமல் போவது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சல்காரருக்கு வாய் கசப்பதை யாரும் அவர் குணம் என்று சொல்வதில்லை. அந்தத் தாளை மூடி வைத்துவிடுங்கள்.

14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. அரசு நடத்துவது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவும் உண்டு. தனியாகப் போகத் தயக்கம் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கே போவது, என்ன கேட்பார்கள் என்று சொல்கிறேன்.

பேரில்லாமல் | ஞாயிறு, காலை 10:12

அனுப்பியிருக்கிறேன்.

லாரித்தண்ணி | ஞாயிறு, காலை 11:30

எனக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம்.

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. எங்கள் தெருவில் லாரி ராத்திரி எந்த நேரத்துக்கு வரும் என்று தெரியாது. குடங்களை வரிசையில் போட்டுவிட்டுப் பெண்கள் தெருவிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போதும் காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் காற்று சீறி, அப்புறம் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பே லேசாகிவிடும். கடைசிப்பந்தி சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்த லாரியை ஓட்டியவர்கள் அந்த மாதங்களில் தூங்கியதே இல்லை. ஒருவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கும்போது எங்கள் தெருப் பெண்கள் எழுப்பாமல் காத்திருந்தார்கள், மோர் கொடுத்து அனுப்பினார்கள். அதே பெண்கள் மறுநாள் வார்டு அலுவலகத்துக்குப் போய்ச் சண்டையும் போட்டார்கள். நன்றியும் சண்டையும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்ன?

கடைசிப்பந்தி | ஞாயிறு, மதியம் 12:04

இருக்கலாம். இருக்க வேண்டும். இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

வடமராட்சி | ஞாயிறு, மாலை 4:45

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, சீனி எல்லாமே தட்டுப்பாடு, கிடைத்தாலும் நெருப்பு விலை.

ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, திரியை மேலே இழுத்து எரிப்போம். ஒரு போத்தல் விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் படிப்போம். உடுப்புத் தோய்க்கப் பனம்பழத்தின் களியைப் பாவித்தார்கள். அழுக்குப் போகும், வாசம் உடுப்போடேயே இருக்கும். சீனி இல்லாத வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். அந்தச் சின்னத் துண்டு ஒரு கோப்பை முடியும் வரைக்கும் வர வேண்டும்.

டிகாஷன் அக்கா துணியின் சோப்பு வாசனையைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அம்மாவுக்கு ஒரு கட்டிச் சவர்க்காரம் கொடுத்தார். அம்மா அதை உடனே பாவிக்கவில்லை. அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்திருந்தா.

தட்டுப்பாடு நல்லது, அது நன்றியைப் பழக்கியது என்று சிலர் எழுதுவார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். மருந்து இல்லாமல் செத்த சனத்தை எனக்குத் தெரியும். அந்த நாட்கள் யாருக்கும் வரக் கூடாது. ஆனால் பனங்கட்டியின் ருசி ருசிதான், அதை மறைக்கவும் மாட்டேன்.

சாக்பீஸ் | ஞாயிறு, மாலை 6:20

உங்கள் பதிவை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா ஐயா?

அட்டவணைக்கு ஒரு சேர்க்கை. 2014ல் ஹார்வர்டில் டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் சிலரும், மாணவர்களைச் சாதாரண விஷயங்களை எழுதி மூடி வைக்கச் சொன்னார்கள்: அண்மையில் பேசிய பேச்சு, கேட்ட பாடல்கள் போன்றவை. சில மாதம் கழித்துத் திறந்தபோது, தாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக ஆர்வத்தோடு அவற்றைப் படித்தார்கள். சாதாரண நாளின் மதிப்பை நாம் முன்கூட்டியே குறைத்து எடைபோடுகிறோம் என்பது அவர்கள் முடிவு.

எனக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். அப்பா இறந்த பிறகு அவருடைய வரவு செலவு நோட்டைப் பிரித்தேன். பால், அரிசி, மண்ணெண்ணெய், சைக்கிள் பஞ்சர். வெள்ளிக்கிழமை தோறும் "பூ" என்று ஒரு வரி. அம்மாவுக்கு வாங்கியது. கஷ்டமான மாதங்களில் மற்ற வரிகள் குறைந்திருக்கின்றன, பூ மட்டும் நிற்கவில்லை. அவர் நன்றி என்று வாயைத் திறந்து சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

ஜன்னல்சீட் | ஞாயிறு, மாலை 6:41

வடமராட்சி அண்ணா, பற்றரி இல்லாமல் செய்திக்கு என்ன செய்தீர்கள்? ரேடியோவாவது கேட்க முடிந்ததா?

வடமராட்சி | ஞாயிறு, இரவு 9:15

சாக்பீஸ், தாராளமாக வாசியுங்கள்.

தம்பி, ரேடியோவைச் சைக்கிள் டைனமோவில் கேட்டோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் படவிட்டு, வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்றினால்தான் குரல் ஒழுங்காக வரும், தளர்ந்தால் அமுங்கிவிடும். செய்தி நேரத்துக்கு அக்கம்பக்கத்துச் சனமும் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் சுற்றுவது பெரியண்ணாவின் வேலை. சில்லுச் சத்தத்தில் அவருக்குச் செய்தி பாதிதான் கேட்கும். முடிந்த பிறகு "என்ன சொன்னவங்கள்?" என்று எங்களைக் கேட்பார், நாங்கள் விளையாடப் போகிற அவசரத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடுவோம். அவர் இப்போது டொராண்டோவில் இருக்கிறார். கடைசிப்பந்தியின் பதிவைப் படித்த கையோடு அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை நேரம், வேலைக்குப் போகிற வழியில் எடுத்தார். ஒரு மணித்தியாலம் பேசினோம். செய்தியில் வந்த பெயர்கள் எனக்கு மறந்துவிட்டன, அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.